சந்தைக்குப் போனவள்

பதினேழாவது அத்தியாயம்

பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். தெசாங்காவுக்கு அது கிடையாது. பிரோட் நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் வெகுகாலமாக வேலை பார்க்கிறாள். சூப்பில் உப்புக் கூடிவிட்டால்கூட, "நான்தான் போட்டேன்" என்று முதலில் கையைத் தூக்குகிறவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு வாரமாக ஒரு பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடுகிறாள் என்றால் சாப்பாடு எப்படி இறங்கும், தூக்கம் எப்படி வரும்?

நீஷ் நகரத்து ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மகள் கலினாவின் தலை முழுக்க ஒயர்களை ஒட்டிப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா தெசாங்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

"இதோ பாருங்கம்மா. மூளைக்கு நடுவுல கறுப்பா ஒரு வெற்றிடம் தெரியுதா? அதோட ஓரத்துல முண்டு முண்டா இருக்கே, அது அங்க இருக்கவே கூடாது."

"கட்டியா டாக்டர்?"

"கட்டி இல்ல, பயப்படாதீங்க. நல்ல செல்லுங்கதான், இடம்தான் தப்பு. குழந்தை வயித்துல இருக்கும்போது மூளை செல்லெல்லாம் இந்த உள் ஓரத்துலதான் பிறக்கும். பிறந்ததும் கிளம்பி மேல் பக்கம் போய், அதது தன் இடத்துல உக்காரணும். உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் கிளம்பவே இல்ல. நம்ம ஊர்ல எல்லாரும் ஜெர்மனிக்குப் பஸ் ஏறிட்டாங்க, சில பேர் மட்டும் பஸ் ஸ்டாண்டுலயே பெட்டியோட உக்காந்துட்டாங்கன்னு வச்சுக்குங்க. உக்காந்தவங்க சும்மா இருப்பாங்களா? அங்கிருந்தே கத்துவாங்க. அந்தக் கூச்சல்தான் வலிப்பு. அவ மெதுவாப் படிக்கிறாளே, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்."

"அப்ப, அவ விழுந்து அடிபட்டது?"

"இது பிறக்கறதுக்கு முன்னாடியே ஆன விஷயம். விழுந்ததால நோய் வரலம்மா. நோய் இருந்ததால விழுந்திருக்கலாம்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இது சில குடும்பத்துல தாய் வழியா வரும். உங்க பக்கம் யாருக்காவது வலிப்பு உண்டா? கொஞ்ச நேரம் நினைவு தப்பறது? ஆண் குழந்தைங்க தங்காமப் போறது?"

கலினாவுக்கு முன்னால் தெசாங்கா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இரண்டும் ஆண். அவளைப் பெற்றவளுக்கும் அதே கதைதான்.

"இல்ல" என்றாள் தெசாங்கா. "யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"எதுக்கும் உங்க தலையையும் ஒரு படம் எடுத்துடலாம். இதுல யாரோட குத்தமும் கிடையாதும்மா" என்றாள் டாக்டரம்மா.

யாரோட குற்றமும் கிடையாதாம்! எட்டு வருஷமாக ஒரு மனுஷனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறாளே தெசாங்கா, அதற்கு என்ன பதில்?

வீட்டுக்கு வந்ததும் புருஷன் மிலுன் கேட்டான். "மாத்திரையை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்று அவர்கள் வீட்டு ஸ்லாவா.

ஸ்லாவா என்றால் குடும்பத்துப் புனிதரின் திருநாள். நவம்பர் குளிரில் வருகிற புனித ஜார்ஜ், மிலுனின் வம்சத்துக்குக் காவல். விடியற்காலையிலேயே வீடு முழுக்க மணந்துகொண்டிருந்தது. ஊறிய முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சர்மா ஒரு பக்கம் கொதிக்க, அடுப்புக்குள் பன்றித் தொடை சிவந்துகொண்டிருந்தது. மேஜை நடுவில் சர்க்கரையும் அக்ரூட்டும் சேர்த்த வேகவைத்த கோதுமை. பக்கத்தில் மாவால் பறவையும் திராட்சைக் குலையும் செய்து ஒட்டிய பெரிய வட்ட ரொட்டி. இருபது பேருக்குத் தாராளமாகக் காணும். சாப்பிடப் போவது மூன்று பேர்.

"அம்மா! பால்!"

கலினா கத்திய பிறகுதான் தெசாங்காவுக்குப் பால் பொங்கி வழிவது தெரிந்தது. அடுப்பு முழுக்கக் கருகல் வாடை. கரண்டியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியவில்லை.

"உங்கம்மா சந்தைக்குப் போயிட்டா" என்று கூடத்திலிருந்து மிலுன் சிரித்தான். "வரும்போது எனக்கு ஒரு கிலோ மிளகாய் வாங்கிட்டு வா, தெசா!"

அது அந்த வீட்டின் பழைய வேடிக்கை. பேசிக்கொண்டே இருக்கும்போது தெசாங்கா திடீரென்று நிறுத்திவிடுவாள். கண் எங்கோ நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள், அல்லது என்ன பேசினோம் என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் மிலுன்தான் அதற்குப் பெயர் வைத்தான். மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். தெசாங்காவும் சேர்ந்து சிரிப்பது வழக்கம்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் நினைவு தப்பறது என்று டாக்டரம்மா கேட்டாளே. கருகிய பாலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"என்னம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கு?" என்றாள் கலினா.

"ஒண்ணும் இல்லடி. மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு. இன்னைக்கு விழ மாட்டேன், கவலைப்படாதே. விழுந்தாலும் தரைக்குத்தான் நஷ்டம். பார்க்க ஆள் இருந்தாத்தானே எனக்கு வெட்கம்?"

பதினைந்து வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது! ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு ஸ்லாவாவில், சாப்பாட்டு மேஜையில், அத்தனை விருந்தாளிகள் முன்னால் அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்கடுத்த வருஷம் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் பக்கத்து வீட்டு ஸாகோர்கா மட்டும். பள்ளித் தோழிகளும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள். ஆற்றில் நீந்தக் கூடாது, சைக்கிள் கூடாது, ஒருத்தர் வீட்டில் ராத்தங்கக் கூடாது என்று இருக்கிற பெண்ணோடு யார் சேருவார்கள்?

வலிப்பு வந்து அடங்கும்போதெல்லாம் தெசாங்கா தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொள்வாள். "ஒண்ணும் இல்ல. வீட்டுலதான் இருக்கே. நான் யாரு, சொல்லு. அவசரமில்ல." குழந்தை எங்கிருந்தோ திரும்பி வந்து, "அம்மா" என்று சொல்லும்வரை அவளுக்கு உயிர் இருக்காது.

வழக்கம்போல ஸாகோர்கா வந்தாள். உள்ளே நுழைந்ததும் சிலுவைக்குறி போட்டு, ஒரு கரண்டி கோதுமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரு மடக்கு ராக்கியாச் சாராயத்தை ஊற்றிக்கொண்டாள். கண் மட்டும் மேஜையை அளந்தது.

"இவ்வளவா சமைச்சிருக்கே? பிரோட்டுக்காரின்னா கஞ்சம்பாங்க, நீ அப்படி இல்லையே! எங்க வீட்டுக்காரர் ராத்திரி கடிகாரத்தை நிறுத்தி வைப்பார், முள் தேஞ்சிடும்னு."

"வர்றவங்க வரட்டும்னுதான், ஸாகோர்கா அக்கா."

"யாரு வருவா? ஸ்லாவாவுக்குக் கூப்பிடற வழக்கம் உண்டா? கூப்பிட்டா புனிதருக்கே அவமானம். தெரிஞ்சவங்க தானா வரணும். ஆனா வராதேன்னு நீயே வாயால சொன்ன பிறகு அந்த ஆளு எப்படி தானா வருவான்? வானத்துல கடவுள், பூமியில கும்னு சும்மாவா சொன்னாங்க? நீ பூமியில இருந்தவனையே துரத்திட்டே!"

"என் பொண்ணு நெத்தியைப் பாருங்க அக்கா, அப்புறம் பேசுங்க."

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. எட்டு வருஷப் பழக்கம். சொன்ன பிறகு தெசாங்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கும் என்றால் ஞானத்தகப்பன். இவர்கள் கல்யாணத்துக்கு மாலை பிடித்தவன், கலினாவுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவன், ஸ்வெதோலிக். பஸ் டிரைவர். மிலுனுக்கு ரத்த சம்பந்தம் இல்லாத அண்ணன்; கல்யாணம் கட்டாத கட்டை. இந்த வீட்டுப் பிள்ளைதான் அவன் பிள்ளை. அந்த வருஷ ஸ்லாவாவில், புனிதர் படத்துக்குப் பின்னால் காய்ந்த திருநீற்றுப்பச்சிலைக் கொத்தைச் செருக வேண்டும் என்று ஏழு வயதுக் கலினா அடம்பிடித்தாள். ஸ்வெதோலிக் அவளைத் தோளில் தூக்கி நிறுத்தினான். மேலே இருந்தவள் சரிந்து இரும்பு அடுப்பின் விளிம்பில் விழுந்தாள். புருவத்துக்கு மேலே எலும்பு தெரிந்தது. மூன்று மாதத்தில் முதல் வலிப்பு.

வலிப்புக்கு இந்த நாட்டில் பழைய பெயரே விழுநோய்தான். பெயரிலேயே விழுதல் இருக்கும்போது, விழுந்ததால்தான் வந்தது என்று நினைக்க யாருக்கு யோசனை வேண்டும்? தெசாங்கா நினைத்தாள். ஊரும் நினைத்தது. ஸ்வெதோலிக்கும் அப்படியே நினைத்திருப்பான் என்று அவள் நம்பினாள். "என் வாசப்படியை மிதிக்காதீங்க" என்று அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து, அவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதற்காகவே ஆமை மாதிரி போகிற ரயிலில்தான் நீஷ் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள்.

ஸாகோர்கா போன பிறகு மிலுன் ஜன்னலோரம் போய் நின்றான். தெசாங்கா சர்மா பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அப்போது வெளியே பஸ் சத்தம். நீஷுக்குப் போகிற பஸ் இந்தத் தெருவழியாகத்தான் போகும். வாசலுக்கு நேரே வந்ததும் வேகம் குறைந்தது. பாம், பாம் என்று இரண்டு தடவை ஹாரன். மிலுன் திரைச்சீலையை விலக்கிக் கையைத் தூக்கினான். பஸ் போய்விட்டது. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வளைவுக்காக அடிக்கிற ஹாரன் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். இங்கே வளைவு ஏது?

"எத்தனை நாளா இது?" என்றாள்.

மிலுன் திரும்பவில்லை. "ஸ்லாவா அன்னைக்கு மட்டும்தான்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"லீவு கிடைக்கும், ஆனா போட மாட்டேங்கறான். வீட்டுல தனியா உக்காந்திருக்க முடியலையாம். பஸ் டிப்போ மெக்கானிக் சொன்னான்." அவன் திரைச்சீலையை மறுபடி இழுத்து மூடினான். "நான் எதுவும் கேக்கல தெசா. நீ சொன்னதை மீறி ஒரு காபி குடிச்சதில்ல அவன்கூட. கையைத் தூக்கறது மட்டும்தான். அதுவும் கூடாதுன்னா சொல்லு."

பானை சுட்டது. தெசாங்கா அதை மேஜையில் வைத்தாள். ஒரே கூரைக்கு அடியில், ஒரே கட்டிலில் படுத்து எழுகிற மனுஷன் இப்படி ஒரு தனிமையைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்குத் தெரியவே தெரியாது. அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்வெதோலிக் இல்லையென்றால் வேறு யார்? வயிற்றில் இருக்கும்போதே என்றால், யார் வயிறு?

"ரொட்டி வெட்டலாமா அப்பா?" என்று கலினா கேட்டாள்.

ஸ்லாவா ரொட்டியை ஒருவர் மட்டும் வெட்ட முடியாது. எதிரெதிரே நின்று இரண்டு பேர் கையில் ஏந்திச் சுற்றிப் பிட்க வேண்டும். முன்பெல்லாம் எதிர்க்கை ஸ்வெதோலிக்கினுடையது.

"இருங்க" என்றாள் தெசாங்கா. "சாயங்காலம் வெட்டலாம்."

"என்ன வழக்கம் இது? மத்தியானத்துக்குள்ள வெட்டணும்."

"இருங்கன்னா இருங்க. புளிச்ச பாலேடு தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வர்றேன்."

"நிஜச் சந்தைக்கா?" என்றாள் கலினா. மிலுன்கூடச் சிரித்துவிட்டான்.

அவள் போனது பஸ் ஸ்டாண்டுக்கு.

நீஷிலிருந்து திரும்பி வந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. மறுபடி கிளம்ப ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸ்வெதோலிக் கீழே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. தோள் இறங்கிவிட்டது. தெசாங்காவைப் பார்த்ததும் கையில் இருந்த துணி நின்றது.

"கலினாவுக்கு ஏதாவதா?" அதுதான் முதல் வார்த்தை.

"இல்ல கூமே. அவ நல்லா இருக்கா."

கூமே! கும்மைக் கூப்பிடுகிற அந்த விளி அவள் வாயிலிருந்து வந்து எவ்வளவு காலம்! அவன் ஒரு அடி பின்னால் போய் பஸ்ஸில் சாய்ந்துகொண்டான்.

"ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க" என்றாள் தெசாங்கா. வழியெல்லாம் கோர்த்து வைத்த வார்த்தைகள் எங்கே போயினவோ. "மூளையில கொஞ்சம் செல்லு இடம் மாறி இருக்காம். பிறக்கறதுக்கு முன்னாடியே. அடிபட்டதால இல்ல. நீங்க காரணம் இல்ல. நீங்க எப்பவுமே காரணம் இல்ல. விழுந்ததால வரல, வந்ததாலதான் விழுந்தாளாம்."

அவன் சந்தோஷப்படுவான் என்றோ, திட்டுவான் என்றோ, அழுவான் என்றோ எதிர்பார்த்திருந்தாள். அவன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேன் தெசாங்கா."

"என்ன சொன்னீங்க?"

"முதல்ல அவ கை தளர்ந்துச்சு. என் முடியைக் கொத்தாப் பிடிச்சிருந்தா, வலிக்க வலிக்க. திடீர்னு விட்டுட்டா. என்னடி கண்ணுன்னு கேட்டேன், பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் சரிஞ்சா. நான் காலைத்தான் பிடிச்சிருந்தேன், இடுப்பைப் பிடிக்க எட்டல. ஆஸ்பத்திரி வராண்டாவுல உன்கிட்ட சொன்னேன். ஒரு குழந்தை மேல பழி போடறியாடான்னு அறைஞ்சே."

அறைந்தது தெசாங்காவுக்கு நினைவிருந்தது. அவன் சொன்னது நினைவில் இல்லை. கேட்கவே இல்லை அவள்.

"அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றான் ஸ்வெதோலிக். "தப்பிக்கறதுக்காக நானே கட்டின கதையோன்னு. அதுக்கப்புறம் ஒரு குழந்தையையும் தூக்கினதில்ல. என் தம்பி அவன் மகன் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டான், போகல."

"ஓய் டிரைவர்! கிளம்பறதா உத்தேசம் உண்டா, இல்ல இங்கேயே குடித்தனமா?" பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

"இருய்யா!" என்று ஸ்வெதோலிக் திரும்பிக் கத்தினான். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் டிரைவர் குரல்.

ஸ்லாவாவுக்கு வாங்க என்று அழைக்க முடியாது. அழைத்தால் வழக்கம் கெட்டது. அழைக்காவிட்டால் எட்டு வருஷம் ஒன்பதாகும். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நான் கூப்பிட வரல கூமே. வராதீங்கன்னு ஒரு தடவை சொன்னேன் இல்ல? அதைத் திரும்ப வாங்கிக்க வந்தேன். ரொட்டி இன்னும் வெட்டல."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மிலுனிடமும் மகளிடமும் சொன்னாள். பாதியை மட்டும் சொன்னாள். செல்கள் பயணம் போனதை, சில போகாமல் தங்கியதை, விழுந்ததற்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லாததை. விறகு எடுத்து வருகிறேன் என்று கொல்லைக்குப் போன மிலுன் வெகுநேரம் வரவில்லை. அடுப்பில் விறகு நிறைய இருந்தது.

கலினாதான் கேள்வியாகக் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா? எழுத்து மெதுவா வர்றதுக்கும் அதுதான் காரணமா?"

"இருக்கும்னு சொன்னாங்க டாக்டரம்மா."

"அந்த இலக்கண டீச்சர் மூஞ்சியில இந்தப் படத்தை ஒட்டணும்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "முட்டாள்னுதான் நானே நினைச்சுட்டிருந்தேன்மா. சொல்லல உன்கிட்ட." கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்தும் இல்லடி. சில பேருக்கு அப்படித்தான்."

இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அதுவே தெசாங்காவுக்குப் பயமாக இருந்தது. தனக்கும் எழுத்து மெதுவாகத்தான் வரும். பத்திரிகையை உதட்டசைத்துப் படிப்பதைப் பார்த்து மிலுன் கேலி செய்வான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகளிடம், "எனக்கும்தான்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம். வாய் வரவில்லை. நான்தான் உனக்குக் கொடுத்தேன் என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

இருட்ட ஆரம்பித்தது. ஸ்லாவா மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. சர்மாவை இரண்டு முறை சூடு பண்ணியாயிற்று.

"வர மாட்டான் தெசா" என்றான் மிலுன். "நான் அவனா இருந்தா வர மாட்டேன்."

வாசலில் பாம், பாம் என்று ஹாரன் கேட்டது. இந்த முறை சத்தம் கடந்து போகவில்லை. எஞ்சின் நின்றது.

கதவைத் திறந்தால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வெதோலிக். தெருவில், காலி பஸ், விளக்கெல்லாம் எரிய.

"டிப்போவுல விடலயாடா?" என்றான் மிலுன். அவனால் அதைத்தான் கேட்க முடிந்தது.

"டிப்போவுக்குப் போனா அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன்னு பயம்" என்றான் ஸ்வெதோலிக். இரண்டு ஆண்களும் வாசற்படியில் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எட்டு வருஷம் லேட், கூமே. உங்க பஸ் மாதிரியே" என்றாள் கலினா. அவன் அவள் நெற்றித் தழும்பைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து மேஜைக்குக் கொண்டுபோனாள். ஒரு கரண்டி கோதுமையை அவன் மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ரொட்டியை ஏந்தினார்கள். மிலுன் ஒரு பக்கம், ஸ்வெதோலிக் எதிர்ப் பக்கம். மூன்று தரம் சுற்றி, பிட்டு, பிளந்த இடத்தில் முத்தமிட்டார்கள். இனி மிலுன் மெழுகுவர்த்தியை ஒயின் விட்டு அணைக்க வேண்டியதுதான் பாக்கி. தெசாங்கா கையில் ஒயின் கிளாஸ் இருந்தது. புருஷன் சிரிப்பதைப் பார்த்தாள், மகள் சிரிப்பதைப் பார்த்தாள். எல்லாம் நிறைந்த அந்த அறையில் தான் மட்டும் வெளியே குளிரில் நிற்பதுபோல் இருந்தது. சுடரைப் பார்த்தாள். சுடர் நேராக எரிந்துகொண்டிருந்தது.

மெழுகுவர்த்தி அணைந்திருந்தது.

புகைகூட அடங்கிவிட்டது. ஒயின் வாடை. மேஜைத் துணியில் சிவப்பாகப் பெரிய கறை. அவள் கையில் இருந்த கிளாஸ் ஸ்வெதோலிக் கையில் இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருடா கூமே, உன்னைப் பார்த்த சந்தோஷத்துல சந்தைக்குப் போயிட்டா" என்று மிலுன் சிரித்தான்.

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ஸ்வெதோலிக் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதேதான் மிலுன்" என்றான் மெதுவாக. "அன்னைக்கு என் தலைமேல. முதல்ல கை தளர்ந்துச்சு."

மிலுனின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் கலினா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தரையில் மண்டியிட்டு, அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். அந்தக் கைகளுக்கு அது எங்கே, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. வீட்டுலதான் இருக்கே. நான் யாரு, சொல்லு. அவசரமில்ல."

கலினா என்று சொல்லத்தான் தெசாங்கா வாயைத் திறந்தாள்.

"டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்டி" என்றாள்.